உள்ளானுக்கு இரண்டாவது சாட்சி

எழுதத் துணிந்தமைக்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒப்புநோக்குபவளாகப் பணிபுரிகிறேன். மூலத்தையும் படியையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பதே என் வேலை. சொந்தமாக ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அங்கே அது பிழை. அப்படிப்பட்ட நான் ஒரு கதை சொல்ல முன்வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை அறிவேன். என்னைவிடத் தகுதி உடையவர்கள் இருவர் அன்று உடன் இருந்தனர். ஒருவர் எழுத மறுத்துவிட்டார். மற்றவர் எழுதினால் நீண்டுவிடும் என்று அவரே சொல்கிறார். ஆகவே குறை இருப்பின் பொறுத்துக்கொண்டு மேலே படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத மறுத்தவர் என் அக்காவின் கணவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனையும் அவரே செய்கிறார். அக்கா கல்லாவில் அமர்வாள். நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன், சாப்பாடு கீழே. அத்தானுக்குப் பேச்சு குறைவு, பறவைப் பித்து அதிகம். விடுமுறை நாளில் தொலைநோக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள கழிமுகச் சதுப்புக்குப் போய்விடுவார். எங்கள் சதுப்பில் உதிர்வதற்கு இலைகள் கிடையா. வடக்கிலிருந்து உள்ளான்கள் என்னும் சிறு சேற்றுப் பறவைகள் வந்து இறங்குவதைப் பார்த்துத்தான் இலையுதிர் காலம் வந்துவிட்டதாக நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு அப்பருவத்தில் அத்தான் தனியாகப் போன ஒரு காலையில், கரண்டிமூக்கு உள்ளான் ஒன்றைக் கண்டார். அது சிட்டுக்குருவி அளவுள்ள சிறு பறவை. பக்கவாட்டில் பார்த்தால் சேற்றில் ஆயிரக்கணக்கில் மேயும் கொசு உள்ளான்களுக்கும் அதற்கும் வேற்றுமை சொல்வது கடினம். நேர் எதிரே திரும்பி நம்மைப் பார்த்தால் மட்டும் அலகின் நுனி ஒரு குட்டிக் கரண்டிபோல் அகன்றிருப்பது தெரியும். உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்கிறார்கள். எங்கள் சதுப்பில் அதற்கு முன் எவரும் கண்டதில்லை.

எங்கள் ஊரில் பறவை நோக்குவோர் கழகம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் கண்ட பறவைகளின் பெயர்களை நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். கழகத்தின் விதிப்படி, அரிய பறவை எதுவாயினும் ஒரே நேரத்தில் இருவர் கண்டிருக்க வேண்டும்; அந்த இருவரும் வெவ்வேறு வீட்டினராக இருக்க வேண்டும்; ஒருவர் மற்றவருக்கு எதையும் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாது. அத்தான் ஒருவராகவே கண்டதால் அவருடைய உள்ளான் 'உறுதி செய்யப்படாதவை' என்ற தலைப்பின்கீழ் ஒட்டப்பட்டது. அந்தத் தலைப்பின்கீழ் ஏற்கெனவே ஒரு பெங்குவின் இருந்தது.

இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஊரார் கண்ணைப் பார்த்துச் சொல்பவரின் கண்ணையே கழகம் நம்பவில்லை என்ற செய்தி, முடிதிருத்தகம் வழியாகக் கடைத்தெரு முழுவதும் பரவிவிட்டது. அஞ்சலகத் தலைவர் பரிசோதனை நாற்காலியில் அமர்ந்து, எழுத்துப் பலகையைப் படித்து முடித்தபின், "எனக்கு எல்லாம் தெரியுது சார். உங்களுக்குத் தெரியுதான்னு ஒருக்கா பாத்துக்கங்க" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தானும் மரியாதைக்குச் சிரித்தார். அதற்குப் பிறகு அத்தான் எழுதிக் கொடுத்த சீட்டைச் சிலர் அடுத்த தெருக் கடைக்கும் எடுத்துச் சென்று சரிபார்த்தார்கள்.

அதனினும் மோசமான ஒன்று அத்தானிடமே நிகழ்ந்தது. முன்பெல்லாம் பரிசோதனை முடிந்ததும், "இதுதான் உங்க பவர்" என்பார். இப்போது, "இதுவா இருக்கலாம்" என்று சொல்லத் தொடங்கினார். இருக்கலாம் என்று சொல்லும் கண்ணாடிக்காரரிடம் எவரும் நிம்மதியாகக் கண்ணாடி வாங்க மாட்டார்கள். அக்கா கல்லாவில் இருந்தபடி ஒவ்வொரு 'இருக்கலாம்' என்பதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடை நிலைக்குமா என்ற கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. வீட்டில் தட்டுகளை அடுக்கும் ஓசையில் அது கேட்டது.

இவ்வாண்டு உள்ளான்கள் வந்திறங்கின. இரண்டாவது வாரத்திலேயே, அந்தப் பறவையும் வந்திருக்கிறது என்று அத்தான் என்னிடம் மட்டும் சொன்னார். கழிமுகத்தின் உட்புறத்தில் உள்ள மணல்மேட்டுக்கு எதிரே அது மேய்கிறது; இம்முறை ஒரு சாட்சி வேண்டும். கழகத்தார் சிலரை அவர் அழைத்துப் பார்த்தார். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு மருமகள் ஊரிலிருந்து வருகிறாள். ஒருவர், போன வருடப் பறவைதானா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கடைசியில் அத்தானின் பார்வை என்மேல் விழுந்தது.

நான் ஒரே வீட்டைச் சேர்ந்தவள் அல்லவா என்று தயங்கினேன். அத்தான் விதிகளைப் புரட்டிப் பார்த்திருந்தார். ஒரே வீடு என்பதற்கு ஒரே சமையல் என்றுதான் கழகம் பொருள் கொள்கிறது. ஆகவே பருவம் முடியும் வரை நான் மாடியில் தனியே சமைத்துக்கொண்டால் வேறு வீட்டினள் ஆகிவிடுவேன். இதை அவர் சாப்பாட்டு மேசையில், குழம்பு ஊற்றிக்கொண்டே, அக்காவிடம் விளக்கினார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு குருவிக்காக என் தங்கச்சிய தனிக்குடித்தனம் வைக்கணுமா?"

அது குருவி அன்று, உள்ளான் என்று அத்தான் மெதுவாகத் திருத்தினார்.

"என்னவோ ஒண்ணு. நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது? அக்கா சோறு போடல, அதனால மேல போய் பொங்கித் திங்கறான்னுதானே சொல்வாங்க? உள்ளானப் பாக்கறதுக்குன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? உங்களத்தான் ஏற்கெனவே ஒருத்தரும் நம்பலையே."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டாம். அவளுக்கும் அது உடனே தெரிந்துவிட்டது. அத்தானின் தட்டில் இன்னும் ஒரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை.

மறுநாள் அக்கா பல் மருத்துவரைப் பார்க்கப் போனாள். அவளுக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை. பல் மருத்துவர்தான் பறவை நோக்குவோர் கழகத்தின் தலைவர். முதலில் சொன்ன, எழுதினால் நீண்டுவிடும் என்பவர் அவரே. துணைக்கு என்னையும் அழைத்துச் சென்றாள். மருத்துவர் நல்ல மனிதர். கேட்பதற்கும் சொல்வதற்கும் நிறைய உடையவர். ஆனால் ஆண்டுக்கணக்காக, வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், பதிலை எதிர்பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அக்காவை நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, இவ்வாண்டு பூநாரைகள் தாமதம், ஆலாக்கள் பரவாயில்லை, வீட்டில் அனைவரும் நலமா என்றெல்லாம் பேசிக்கொண்டே பற்களைத் தட்டிப் பார்த்தார். அக்கா இருமுறை ஏதோ சொல்ல முயன்றாள். அவர், வலிக்கிறதோ என்று மரப்பு ஊசியை எடுக்கப் போனார்.

அக்கா எழுந்து உட்கார்ந்து, கிண்ணத்தில் துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர், பல்லு நல்லாத்தான் இருக்கு. நீங்களே ஒரு நாள் வந்து பாருங்க. வந்து பாத்துட்டு இல்லன்னா இல்லன்னு எழுதுங்க. வராமயே இல்லன்னு எழுதாதீங்க."

மருத்துவர் விளக்கை அணைத்தார். தாம் 'இல்லை' என்று எழுதவில்லை, 'உறுதி செய்யப்படாதவை' என்றே எழுதியதாக விளக்கினார். அக்கா நாற்காலியை விட்டு இறங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மூவர் காத்திருந்தனர். வருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அத்தானும் மருத்துவரும் நானும் போனோம். மருத்துவர் தம் தொலைநோக்கியுடனும், முழங்கால்வரை ரப்பர் காலணியுடனும், பறவைக் கையேட்டுடனும் வந்திருந்தார். சமையல் பிரியாததால் சாட்சியாகத் தகுதியற்ற நான், சாப்பாட்டுப் பை சுமக்கவும், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதைப் பின்னர் கழகத்துக்குச் சொல்லவும் உடன் சென்றேன். சாட்சியின் சாட்சி என்று அக்கா கேலி செய்தாள்.

மணல்மேட்டுக்குப் போக ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். கடல் வற்றியிருக்கும்போது அது கணுக்கால் அளவுதான். பிறகு கடலேற்றம் தொடங்கி, நீர் சேற்றுவெளியை மெல்ல மூடிக்கொண்டு வரும். மேய்ச்சல் நிலம் குறையக் குறையப் பறவைகள் பின்வாங்கி மேட்டை நெருங்கும். அவை போதிய அளவு நெருங்கியதும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, ஓடை நிறையுமுன் எழுந்து கரைக்குத் திரும்பிவிட வேண்டும். கழகத்தார் எல்லோரும் அறிந்த முறை இது. அவர்கள் எல்லோரும் அறிந்த இன்னொரு வழக்கமும் உண்டு. பறவைகள் அருகில் மேயும்போது ஒருவரும் எழக் கூடாது, பேசக் கூடாது, திரும்பக் கூடாது. ஒருவர் அசைந்து கூட்டம் பறந்துவிட்டால், அவருடைய பெயரை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சென்ற தலைமுறையில் தும்மிய ஒருவரைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

மேட்டின் சரிவில், நீர்ப்பக்கம் பார்த்து, வரிசையாக அமர்ந்தோம். ஓடை எங்கள் முதுகுப்புறம் இருந்தது. அத்தான் ஒரு தொலைநோக்கியில், மருத்துவர் மற்றொன்றில். நடுவில் நான், அலுவலகத் தோழி இரவல் தந்த பைனாகுலருடன். தொலைவில் சேற்றின்மேல் உள்ளான்கள் சிதறிய மிளகுபோல் இருந்தன. ஆந்தை அல்லாத, நெட்டைக்கால் கடற்கரைக் கோட்டான்கள் இரண்டு வளைந்த அலகால் குத்திக் குத்தி நடந்தன. காற்று இல்லை.

வெகு நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு மிளகுகளுக்குக் கால்கள் முளைத்தன. மேலும் சிறிது நேரத்தில் அலகுகள் தெரிந்தன. கூட்டம் முழுவதும் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. மருத்துவருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. உதட்டை அசைக்காமல், "நம்மள நம்ப ஆரம்பிச்சிடுச்சுங்க" என்றார். தாம் அசையாமல் அமர்ந்திருக்கும் சிறப்பினாலேயே பறவைகள் நெருங்குகின்றன என்று அவர் கருதியதாகப் பின்னர் அறிந்தேன். அத்தானும் தம்மைப் பற்றி அவ்வாறே கருதியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

அத்தானின் தோள் இறுகியது. அவர் அந்தப் பறவையைக் கண்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. விதிப்படி அவர் சொல்லக் கூடாது. மருத்துவர் தாமாகவே கண்டு, தாமாகவே பெயரைச் சொல்ல வேண்டும். அத்தானின் தொலைநோக்கி நோக்கிய திசையில் நானும் தேடினேன். மேட்டின் விளிம்பை ஒட்டி மேய்ந்த கொசு உள்ளான்களின் ஓரத்தில் ஒன்று, மற்றவைபோல் குத்தாமல், அலகை நீரில் இட்டுப் பக்கத்துக்குப் பக்கம் துழாவிக்கொண்டு வந்தது. ஆனால் பக்கவாட்டிலேயே நின்றது. வலப்புறம் நடந்தது, இடப்புறம் நடந்தது, வாலைக் காட்டியது. எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஒரு மனிதரின் கடையே அதன் முகத்தைச் சார்ந்து நிற்கிறது என்பதை அதற்கு எவ்வாறு தெரிவிப்பது?

இவ்வேளையில்தான் என் காலணிக்குள் நீர் வந்திருப்பதை உணர்ந்தேன். பெரியவர்கள் இருவர் இருக்கையில் அதை நான் முதலில் சொல்வது முறையாகப் படவில்லை. இயற்கையாகவே அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணினேன். அத்தானோ, தமக்கு முன்பே நனைந்துவிட்டதையும், தலைவர் அசையாதபோது தாம் அசைந்தால் பறவையைக் காட்ட மனமில்லாமல் கலைத்தார் என்று ஆகிவிடும் என அஞ்சியதையும் பிறகு சொன்னார். மருத்துவர் உட்கார்ந்திருந்த இடம் எல்லாவற்றிலும் தாழ்வானது. அவர், விருந்தினராக வந்துவிட்டுக் குறை சொல்லக் கூடாது என்று இருந்திருக்கிறார். இப்படியாக மூவரும், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, இடுப்பளவு நனைந்தோம்.

முதுகுப்புறத்தில் ஓடை சலசலத்தது. அது முதலில் இப்படிச் சலசலக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஒருபுறம் தோன்றியது. அப்போது அந்தப் பறவை நின்றது. தலையை நிமிர்த்தியது. நேராக எங்களைப் பார்த்துத் திரும்பியது.

அலகின் நுனி கரண்டிபோல் அகன்று இருந்தது. அதில் ஒரு பச்சைப் பாசி இழை ஒட்டித் தொங்கியது. நான் தெளிவாகக் கண்டேன். பக்கத்தில் மருத்துவர் வாய் திறக்கும் ஓசை கேட்டது. அத்தான் கண்ணை எடுக்காமல், அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்.

"தண்ணி" என்றார் மருத்துவர்.

அவர் திரும்பி, ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநொடியே எழுந்தும் நின்றுவிட்டார். கூட்டம் முழுவதும் ஒரே வீச்சாக மேலெழும்பி, வெள்ளையும் சாம்பலுமாகத் திரும்பி, கடல்பக்கம் போய்விட்டது.

நாங்களும் திரும்பினோம். காலையில் கணுக்கால் நனையத் தாண்டி வந்த ஓடை, கரையிலிருந்து எங்களைப் பிரித்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் அமர்ந்திருந்த மேடு ஒரு மேசை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மருத்துவருக்கு நீந்தத் தெரியாது. இதையும் அவர் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

நடந்தே கடந்துவிடலாம் என்று அத்தான் முன்னால் இறங்கினார். தொலைநோக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார். மார்பளவு வந்தது. மருத்துவர் தம் தொலைநோக்கியின் முக்காலியை ஊன்றிக்கொண்டே வந்தார். நடு ஓடையில் முக்காலி சேற்றில் இறங்கிப் பிடித்துக்கொண்டது. அவர் அதைப் பிடுங்க முயன்றார். ரப்பர் காலணிக்குள் நீர் புகுந்து காலை இழுத்தது. முகம் நீருக்குள் போய் வந்தது. அவர் அணிந்திருந்த மூக்குக்கண்ணாடி நீரோடு போயிற்று.

அத்தான் திரும்பிப் பார்த்தார். ஒரு கையில் தொலைநோக்கி இருந்தது. அதை வாங்குவதற்குமுன் எத்தனை ஆண்டுகள் அதன் விளம்பரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதை அவர் கீழே போட்டார் என்று சொல்வதற்கில்லை. கையைத் திறந்தார், அவ்வளவுதான். இரு கைகளாலும் மருத்துவரின் கக்கத்தைப் பிடித்து இழுத்தார். சாப்பாட்டுப் பையை விட்டுவிட்டு நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஒரு பெரிய மனிதரை அவ்வாறு தள்ள நேர்ந்ததற்கு அப்போதே மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்றார்.

கரையில் மூவரும் சேற்றில் படுத்துக் கிடந்தோம்.  பிறகு மருத்துவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடி இல்லாத கண்களை அத்தான் இருப்பதாகக் கருதிய திசையில் திருப்பினார். அங்கே நான் இருந்தேன்.

"சார், நான் பாத்தேன்னு போட்டுடறேன்."

அத்தான் வேறு பக்கத்திலிருந்து கேட்டார். "பாத்தீங்களா டாக்டர்?"

"பாத்தேன். கரண்டி நல்லாத் தெரிஞ்சது."

"கரண்டியில என்ன ஒட்டிட்டிருந்துச்சு?"

மருத்துவர் யோசித்தார். நாள் முழுவதும் வாய்களையே பார்ப்பவர் அவர், கேள்வி நியாயமானதே. சொல்லிவிடுங்கள், பாசி, பச்சைப் பாசி என்று என் நாக்கு நுனிவரை வந்தது. என் அக்காவின் தட்டுகள் நினைவுக்கு வந்தன. விதியும் நினைவுக்கு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சேறு" என்றார் மருத்துவர்.

அத்தான் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். கோபமோ வருத்தமோ அவர் குரலில் இல்லை. கடையில் எழுத்துப் பலகையின் அருகே நின்று பவர் சொல்பவரைப்போல் சொன்னார்: "இல்ல டாக்டர். நீங்க பாக்கல. நான் பாத்தேன். போன வருஷமும் பாத்தேன்."

"அப்ப பலகையில என்னன்னு போடறது?"

"ஒண்ணும் போட வேணாம்."

மருத்துவர் தலையசைத்தார்.  சாலைக்குச் செல்லும் வழியில் மருத்துவர் அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பள்ளம் எங்கே, கல் எங்கே என்று அத்தான் சொல்லச் சொல்ல, அவர் அப்படியே கால் வைத்தார். ஒருமுறைகூட மறுத்துக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். துண்டுகளை எடுத்து வந்தாள். பறவை வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றார் அத்தான். டாக்டர் பார்த்தாரா என்றாள், இல்லை என்றார். அவள் வெந்நீர் வைக்கப் போனாள்.

அவ்வாரமே மருத்துவர் புதுக் கண்ணாடிக்காகக் கடைக்கு வந்தார். அஞ்சலகத் தலைவரும் வேறு சிலரும் இருக்கையில் காத்திருந்தனர். அத்தான் அவரை நாற்காலியில் அமர்த்தி, வில்லைகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இடக்கண்ணில் பவர் கூடியிருக்கிறது என்றார். பழைய கண்ணாடி போட்டபோது நன்றாகத்தானே தெரிந்தது என்று மருத்துவர் கேட்டார். தெரிந்திருக்காது என்று அத்தான் சொன்னார். மருத்துவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நாற்காலியில் சாய்ந்தவர் பேசாமல் இருப்பது எப்படி என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, கண்ணாடிச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்க எழுந்தார். அஞ்சலகத் தலைவர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

அம்மாத அறிவிப்பில் கரண்டிமூக்கு உள்ளான் எந்தத் தலைப்பின்கீழும் இடம்பெறவில்லை. உள்ளான்கள் தெற்கே போய்விட்டன. இதுவரை பொறுமையுடன் படித்தவர்களுக்கு என் நன்றி. அன்று ஓடையில் போனவற்றை மட்டும் குறித்துவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

அத்தானின் தொலைநோக்கி. மருத்துவரின் தொலைநோக்கி, முக்காலியுடன். மருத்துவரின் மூக்குக்கண்ணாடி. ரப்பர் காலணியில் ஒன்று. பறவைக் கையேடு. சாப்பாட்டுப் பை, உள்ளே மூவருக்கான சாப்பாடு. அலுவலகத் தோழியின் பைனாகுலர். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கரண்டிமூக்கு உள்ளானின் பெயர், பலகையிலிருந்து.